கண்மாய் மீனை வீட்டுத் தொட்டியில் வளர்ப்போர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்து மேலூர், கொட்டாம்பட்டி வட்டாரக் கண்மாய்களில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் மீன்பிடித் திருவிழாச் செய்திகள் ஆண்டுதோறும் தங்கள் நாளிதழில் படங்களுடன் இடம்பெறுகின்றன. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு, இறங்கலாம் என்பதற்கு அடையாளமாக வெள்ளைத் துண்டை வீசியதும் (இதையே ‘வெள்ளை வீசுதல்’ என்பர்), கரையில் காத்திருக்கும் மக்கள் ஊத்தா, கச்சா, கொசுவலை என்று கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு இறங்கி, விரால், கெளுத்தி, கட்லா, ஜிலேபி எனக் கிடைப்பதை அள்ளிச் செல்வதை அச்செய்திகள் நன்றாகவே சொல்கின்றன. அதே நேரத்தில், கரையோரச் சேற்றில் சிறுவர்கள் விரல் நீளம்கூட இல்லாத பொடிமீன்களைத் தண்ணீர் பாட்டில்களில் உயிரோடு பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது செய்தியாவதில்லை. இப்போது சிறுவர்கள் மட்டுமின்றிக் கல்லூரி மாணவர்களும் வேலைக்குச் செல்லும் இளைஞர்களும் நாட்டு மீன் வளர்ப்பில் ஆர்வம் கொண்டு, கண்மாய், வாய்க்கால், வயல்வெளி என்று தேடிச் சென்று மீன் பிடித்து, வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் விடுகின்றனர். இந்த ஆர்வத்தை மனமார வரவேற்பவன் என்ற முறையிலும், வீட்டில் அத்தகைய தொட்டி ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையிலும் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

வற்றும் கண்மாயிலிருந்து நான்கைந்து பொடிமீன்களை எடுத்து வருவதால் அந்தக் கண்மாய்க்குக் கேடு ஏதும் வந்துவிடாது. அவற்றை வளர்க்க முடியாமல் போகும்போது, மனம் இரங்கி, பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு நீர்நிலையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்களே, அதனால்தான் கேடு வருகிறது என்பதே நான் வலியுறுத்த விரும்பும் கருத்து. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாக எண்ணி, பிடிப்பதைப் பாவம் என்றும் விடுவதைப் புண்ணியம் என்றும் கொள்கின்றனர். இந்த எண்ணம் மாறினால் போதும், நாட்டு மீன் வளர்ப்பு தீங்கற்ற ஒரு பழக்கமாகவும் நல்ல படிப்பாகவும் அமையும்.

மதுரைப் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, சித்திரை, வைகாசியில் தரை தட்டிவிடுபவை. தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன்கள் எல்லாம் குட்டைகளில் நெருக்கியடித்துக் கிடக்கும். சூடேறிய தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். கொக்கும் நாரையும் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம் என்று அந்தப் பொடிமீன்களில் மிகப் பெரும்பாலானவை எப்படியும் அழிந்தே போகின்றன. குத்தகைதாரர்கள் மழைக்குப் பின் விடும் குஞ்சுகள் கட்லா, ரோகு, மிர்கால் போன்றவைதான். தானாக வரும் சிறு மீன்கள் அவர்களுக்குக் களைமீன்கள், அதாவது ஒழிக்கப்பட வேண்டியவை. மீன் பண்ணைக் குளங்களில் இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்துவிட்டு இவற்றைக் கொல்வது வழக்கமான முறையே. இந்த நிலையில், சேற்றில் துடிக்கும் மீன்களில் சிலவற்றை ஒரு மாணவர் எடுத்து வந்து வளர்ப்பதைக் குற்றமாகக் கருத என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம் தேவை. அடுத்த மழையில் கண்மாய் நிரம்பும்போது மீண்டும் மீன் வருவது, மடைக்குப் பக்கத்துப் பள்ளங்களிலும் ஊருணிகளிலும் தப்பிக் கிடந்தவற்றாலும், வரத்துக் கால்வாயில் புதுவெள்ளத்தோடு ஏறி வருபவற்றாலும்தான். ஆகவே, காய்ந்துபோகவிருக்கும் ஆழமற்ற குட்டைகளில் எடுக்கலாமே தவிர, கோடை முழுதும் தண்ணீர் தாங்கும் பள்ளங்களில் கை வைக்கக் கூடாது. குத்தகையில் உள்ள கண்மாயானால் குத்தகைதாரரிடமும், ஊர்க் கட்டுப்பாடு உள்ள கண்மாயானால் ஊராரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதுதான் முறை. காப்புக்காட்டுக்குள் ஓடும் ஓடைகளை அறவே விட்டுவிட வேண்டும். அங்கே சட்டமும் இடந்தராது. குளிர்ந்த ஓட்டத்தில் பாறையைப் பற்றி வாழும் அந்த மீன்கள் மதுரை வெயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பிழைக்கவும் மாட்டா.

எந்த மீன் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது என்று கேட்போருக்கு நான் தயங்காமல் சொல்வது அயிரை. மதுரைக்காரர்களுக்கு அயிரை என்றால் குழம்புதான் முதலில் நினைவுக்கு வரும். உயிரோடு வாங்கி வந்து, பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்துச் சமைக்கும் வீடுகளில்கூட அந்த மீன் தண்ணீருக்குள் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. சலித்துக் கழுவிய மெல்லிய ஆற்றுமணலைத் தொட்டியின் அடியில் இரண்டு விரற்கடை பரப்பி, அதில் அயிரையை விட்டுப் பாருங்கள். விட்ட கணத்தில் தலையைக் குத்தி மணலுக்குள் மறைந்துவிடும். சிறிது நேரம் கழித்து, இரண்டு கண்களும் மூக்கின் நுனியும் மட்டும் மணலுக்கு மேலே தெரியும். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்து, மீசைகளால் தரையைத் தடவிக்கொண்டே, வாய் நிறைய மணலை அள்ளி, உணவை வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியே உதிர்த்துவிடும். அவ்வப்போது ஒன்று சட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனை அயிரை வகை மீன்கள் குடலின் வழியே எடுத்துக்கொள்ளக்கூடியவை. வற்றும் கண்மாயின் கலங்கல் நீரில் மற்ற மீன்கள் செத்து மிதக்கும்போதும் அவை தாக்குப்பிடிப்பது இதனால்தான். அதன் கண்ணுக்குக் கீழே, விரித்து மடக்கக்கூடிய இருமுனை முள் ஒன்று தோலுக்குள் பதிந்திருக்கிறது. வலையால் அள்ளினால் அந்த முள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் மீனின் முகம் கிழியும். எனவே அயிரையை வலையில் பிடிக்காமல் ஒரு குவளையில் தண்ணீரோடு முகந்து எடுக்க வேண்டும். கடைகளில் விற்கும் சாயம் பூசிய ஜல்லிக் கற்களின் கூரிய விளிம்பு மீசைகளைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும் என்பதால், இந்த மீனுக்கு மணல் கட்டாயம்.

அடுத்தபடியாகச் சொல்லத்தக்கது, உடல் முழுதும் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் சிறு கண்ணாடி மீன். வெளிச்சத்துக்கு எதிரே வரும்போது அதன் முதுகெலும்பை முள் முள்ளாக எண்ணலாம். நம் நாட்டு நன்னீரில் பிறந்த இந்த மீனின் உடம்பில் ஊசியால் சாயத்தை ஏற்றி, பச்சை, இளஞ்சிவப்பு என்று மின்னவைத்து விற்கும் கொடிய வணிகம் உலகின் பல நாடுகளில் நடந்திருக்கிறது. அவ்வாறு ஊசி போடப்பட்ட மீன்கள் நோய்க்கு எளிதில் இரையாகின்றன. சாயமும் சில மாதங்களில் மங்கிவிடுகிறது. எங்கேனும் கடைத் தொட்டியில் அத்தகைய மீனைக் கண்டால், வாங்காமல் வருவதோடு நில்லாமல், ஏன் வாங்கவில்லை என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வருமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வால் அருகே கரும்புள்ளி கொண்ட பொடிக் கெண்டைகள், தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்திலேயே திரியும் சிறு மீன்கள் ஆகியவையும் கூட்டமாக வைத்தால் நன்றாக வாழும்.

எடுத்து வரவே கூடாதவையும் உண்டு. அவற்றுள் முதலாவது விரால் குஞ்சு. செக்கச்செவேல் என்று நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக நீர்மட்டத்தில் மொய்த்துக்கொண்டு திரியும் அந்தக் குஞ்சுகளின் நிறத்தில் மயங்காத சிறுவர் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குக் கீழே தாயும் தந்தையும் காவல் இருக்கின்றன என்பதையும், கூட்டத்தைக் கலைத்துக் குஞ்சுகளைப் பிரிக்கும்போது மிஞ்சியவை மற்ற மீன்களுக்கு இரையாகின்றன என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. தொட்டிக்கு வந்த குஞ்சுகளின் சிவப்பும் வளர வளரப் போய்விடும். ஒன்றை ஒன்று தின்னத் தொடங்கும். எஞ்சுவது ஓரடிக்கு மேல் வளரும் ஒரு வேட்டை மீன். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள வழக்கமான தொட்டி விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் கொள்ளும். விராலுக்கு அது சிறைதான். கெளுத்தி, ஜிலேபி ஆகியவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். பனையேறிக் கெண்டையை வைக்க விரும்புவோர் தொட்டிக்குக் கனமான மூடி போட வேண்டும். செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் நகரும் இந்த மீனைப் பனைமரத்தில் பிடித்ததாக, தரங்கம்பாடியிலிருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. மரமேறுகிறதோ இல்லையோ, மூடாத தொட்டியிலிருந்து அது வெளியேறிவிடும் என்பது உறுதி.

எடுக்கும் அளவு குறித்து ஓர் எச்சரிக்கையும் அவசியம். நான்கைந்து மீனை ஒருவர் தமக்காக எடுப்பது வேறு, விற்பதற்கென்று வாளி வாளியாக அள்ளுவது வேறு. கேரள, கர்நாடக மலையாறுகளில் வாழும் ‘மிஸ் கேரளா’ என்ற அழகிய கெண்டை, ஏற்றுமதிக்காக இயற்கை நீர்நிலைகளிலிருந்தே பெருமளவில் பிடிக்கப்பட்டதும் ஒரு காரணமாகி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாபத்துள்ள இனமாக இடம்பெற்றுவிட்டது. நம் கண்மாய் மீன்களுக்கு விலை வைக்காமல் இருப்பதே அவற்றுக்கு நாம் தரும் பாதுகாப்பு.

வீட்டுக்குக் கொண்டுவந்த மீன் இரண்டாம் நாளே செத்துப்போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் செவுளைப் பொசுக்கிவிடும். ஒரு நாள் முழுதும் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்த தண்ணீரையோ, கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கலந்த தண்ணீரையோதான் பயன்படுத்த வேண்டும். இதைப் பலர் அறிவர். அவர்களும் கவனிக்கத் தவறுவது அம்மோனியாவை. மீன் செவுள் வழியே வெளியேற்றும் அம்மோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியின் மணலிலும் பில்டர் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தண்ணீரின் வெப்பமும் காரத்தன்மையும் கூடக் கூட அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது என்பதால், கோடைக் காலத்தில் இது இரட்டிப்புக் கவலை. தொட்டியை முதலில் அமைத்து, ஓரிரு மீன்களுடன் தொடங்கி, வாரந்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றி, உணவைக் குறைத்துப் போடுவதே பாதுகாப்பான வழி. தண்ணீர் மாற்றும் நாளில் பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவினால் அந்தப் பாக்டீரியாக்கள் அத்தனையும் போய்விடும். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும்.

கண்மாய் மீன் உடம்பில் ஒட்டுண்ணிகளோடு வரக்கூடும் என்பதால் முதல் மூன்று வாரங்களுக்குத் தனித் தொட்டியில் வைத்திருக்க வேண்டும். நூல்போல் தொங்கும் நங்கூரப் புழுவும், தட்டையாக ஒட்டிக்கொண்டு நகரும் மீன் பேனும் கண்ணுக்கே தெரியும். உப்புத்தூளைத் தூவியதுபோல் தோன்றும் வெண்புள்ளி நோய் சில நாள் கழித்துத்தான் வெளிப்படும். கடைத் தீவனத்தை இந்த மீன்கள் முதலில் உணவாகவே கருதுவதில்லை. கொசுப்புழு, நறுக்கிய மண்புழு ஆகியவற்றைக் கொடுத்து, மெல்ல மெல்லத் தீவனத்துக்குப் பழக்க வேண்டும்.

இனி, விடுவதைப் பற்றி. வீடு மாறுகிறார்கள், பிள்ளைக்குத் தேர்வு வருகிறது, மீன் பெரிதாகிவிடுகிறது; உடனே வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டியூர்க் கண்மாய்க்கோ, வைகைக்கோ, கோயில் தெப்பத்துக்கோ போய்விடுகிறார்கள். பிடித்த மீனைத் திரும்ப விடுவதில் என்ன தவறு என்பது இயல்பான கேள்விதான். அந்த மீன் இடைப்பட்ட காலத்தில் கடை மீன்களோடும், கடைச் செடிகளோடும், ஒரே தண்ணீரில் வாழ்ந்திருக்கிறது. கண்மாயில் இல்லாத நோய்க்கிருமிகள் அதன் உடம்பிலும் அந்த வாளித் தண்ணீரிலும் சேர்ந்திருக்கலாம். இது வெறும் கற்பனை அச்சமன்று. விராலையும் கெண்டைகளையும் உடம்பெல்லாம் சிவந்த புண்ணாக்கிக் கொல்லும் நீர்ப்பூஞ்சை நோய் ஒன்று 1988ஆம் ஆண்டில் வடகிழக்கு மாநிலங்களின் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவிற்று. நீரோட்டத்தாலும், மீன்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதாலும் பரவும் நோய் அது. நம் நாட்டு மீன்களுக்கு நாம் வாளியில் நோயைச் சுமந்து சென்று கொடுக்க வேண்டியதில்லை.

நோயைவிடப் பெரிய தீங்கு, உடன் போகும் அயல் மீன்கள். ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது 1952இல்தான். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் அந்த மீன் இன்று நம் கண்மாய்களில் எந்த அளவுக்கு நிறைந்திருக்கிறது என்பதைத் திருவிழாவுக்குப் போய் வந்தவர்களின் சாக்குப்பையே சொல்லும். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விரலளவில் வாங்கப்படும் சக்கர் மீன் ஓரடியைத் தாண்டி வளரக்கூடியது; உடம்பு முழுதும் எலும்புத் தகடு போர்த்திய அதைக் கொக்கும் தின்னாது, மனிதரும் விரும்பமாட்டார்; வலையைக் கிழிப்பதால் மீனவர்கள் வெறுக்கின்றனர். இனப்பெருக்கத்துக்காக அது கரையில் வளை தோண்டும் பழக்கம் உடையது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மண்கரையை நம்பி நிற்கும் நம் கண்மாய்களுக்கு இதைவிட வேண்டாத விருந்தாளி இருக்க முடியாது. வளர்ப்பதற்கே தடை விதிக்கப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் இதே வரிசையில் வைக்கலாம். நாட்டு மீனே என்றாலும், தாமிரபரணியில் பிடித்ததை வைகையிலும், காவிரியில் பிடித்ததைப் பெரியாறு பாசனக் கால்வாயிலும் விடுவது தகாது. ஒவ்வோர் ஆற்றிலும் பல்லாயிரம் ஆண்டுகள் தனித்து வாழ்ந்து உருவான வேறுபாடுகள், ஒரு வாளி மீனால் கலந்து கரைந்துபோகலாம்.

கொசு ஒழிப்புக்காகக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் கம்பூசியா மீன்களை விடும் பழக்கத்தையும் இத்துடன் சேர்த்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். 1928இல் இந்தியாவுக்கு வந்த இந்த அமெரிக்க மீனும், மேலே சொன்ன ஜிலேபியும், உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. கம்பூசியா கொசுப்புழுவோடு மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. தலையில் வெள்ளிப் பொட்டு உள்ளவை என்று நான் குறிப்பிட்ட நம் வயல் மீன்கள், நீர்மட்டத்திலேயே வாழ்ந்து கொசுப்புழுவை விரும்பித் தின்பவை. மூடிய தொட்டிகளுக்கும் வீட்டுக் கிணறுகளுக்கும், அந்தந்த ஊரில் பிடித்த இந்த மீன்களையே உள்ளாட்சி அமைப்புகள் பயன்படுத்தலாமே.

வளர்க்க முடியாத மீனை என்னதான் செய்வது என்றால், வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுக்கலாம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். உண்ணத்தக்க மீனானால், மருந்து எதுவும் போடாத நிலையில், குழம்பு வைத்துவிடலாம். இறந்த மீனை மண்ணில் புதைக்க வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் செடிக்கும் தென்னைக்கும் ஊற்றுவது நல்லது. நைட்ரேட் நிறைந்த அது நல்ல உரமும் ஆகும்.

வண்ண மீன் கடைக்காரர்கள், வாடிக்கையாளர்கள் திருப்பித் தரும் மீன்களை வாங்கிவைக்க ஒரு தொட்டியை ஒதுக்க முன்வர வேண்டும். மீன்வளத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் இணைந்து, கண்மாய்ப் பாசன ஊர்களின் அரசுப் பள்ளிகளில் அந்தந்தக் கண்மாயின் மீன்களைக் கொண்ட ஒரு தொட்டியையேனும் வைத்துப் பராமரிக்க உதவ வேண்டும். நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகம், அயிரை போன்ற சிறு மீன்களை இனப்பெருக்கம் செய்யும் முறைகளை ஆர்வலர்களுக்குக் கற்றுத்தந்தால், இயற்கையிலிருந்து பிடிக்கும் தேவையே குறைந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் காலம் பிடிக்கும். உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெள்ளை வீசும்வரை கண்மாயில் ஒருவரும் இறங்கக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டை மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் இன்றும் மதித்து நடக்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவரும் எந்த மீனையும் எங்கள் கண்மாயில் விடக் கூடாது என்பதையும் அந்தக் கட்டுப்பாட்டில் சேர்த்து, வரும் திருவிழாவின்போது ஒலிபெருக்கியில் அறிவிக்குமாறு ஊர்ப் பெரியவர்களையும் ஊராட்சித் தலைவர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.